தைத்து வைத்த சட்டை

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கள்ளக்குறிச்சியை எட்டுவதற்கு முன்னே வருகிற ஊர் எலவனாசூர்க்கோட்டை. அவ்வூர்ச் சாலையோரத்தில் கயிறு கட்டி, சிறுவர் சட்டை முதல் பெரியவர் காற்சட்டை வரையில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் கடைகளைப் பேருந்தில் போகிறவர்கள் கண்டிருக்கலாம். வண்டியிலிருந்து இறங்குகிற ஒருவர் ஐந்தே நிமிடத்தில் சட்டை ஒன்றை வாங்கி, அதை அணிந்துகொண்டே அடுத்த வண்டியில் ஏறிவிட முடியும். இன்று இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் என் இளமையில் இது நடவாத காரியம்.

அந்நாளில் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் தந்தையார் துணி எடுத்துவிடுவார். அண்ணன், தம்பி, நான் ஆகிய மூவருக்கும் ஒரே தானில் கிழித்த துணிதான். தெருவில் நாங்கள் மூவரும் சேர்ந்து நடந்தால் ஒரு சிறு படைவகுப்புப் போலத் தோன்றும். தையற்காரர் கழுத்தில் தொங்கும் நாடாவை எடுத்து எங்கள் தோளையும் மார்பையும் அளப்பார். "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாக வையுங்கள்" என்பார் தந்தை. அந்தத் தாராளத்திற்குள் நாங்கள் வளர்ந்து நிரம்புவதற்குள் சட்டை நைந்துவிடும். தீபாவளிக்கு முந்திய இரவு, காஜா எடுக்கும் பையனின் பக்கத்தில் நாங்கள் காவல் இருப்போம். பொழுது விடிவதற்குச் சற்று முன்னர்ப் பொத்தான் வைத்த சட்டை கைக்கு வரும். சட்டை என்பது வாங்கும் பொருள் அன்று. ஒருவர் நம்மை அளந்து, நமக்கென்று செய்து தரும் பொருள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் பெரிய உணவு விடுதி ஒன்றின் கூடத்தில் நடந்த ஓர் ஆடை விற்பனைக்கு என் தங்கை மகள் என்னை அழைத்துச் சென்றாள். பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்கள் தைத்து வைத்த ஆடைகளை இரண்டு நாட்களுக்கு மட்டும் காட்சியாக வைத்து விற்பார்களாம். அழைப்பிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே கண்டதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். வீடு திரும்பும் வழியில் என் உள்ளத்தில் எழுந்த வினா இதுதான்: ஏழை மாலுமிக்கும் வழிப்போக்கனுக்கும் என்று தொடங்கிய 'தைத்து வைத்த சட்டை' செல்வர்கள் அழைப்பிதழ் பெற்றுப் போய் வாங்கும் பொருளாக எப்படி ஆயிற்று? அதன் வரலாற்றில் நம் நாட்டுத் தறிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அறிந்தால் மாணவர்கள் மகிழ்வார்கள் என்று எண்ணுகிறேன்.

தமிழகத்தில் ஆடை என்றால் பெரும்பாலும் தையாத ஆடையே. நம் தட்பவெப்பத்திற்கு அதுவே பொருத்தம். தறியிலிருந்து அறுத்து எடுப்பதனால் துணிக்கு 'அறுவை' என்று பெயர். துணிப்பதனால் 'துணி' ஆயிற்று. சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். பகலில் துணி விற்று, ஓய்ந்த நேரத்தில் செய்யுள் பாடிய அப்பெருமகனை நினைத்தால் துணிக்கடைக்காரர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டாகிறது.

தைத்த ஆடையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஆனால் அது யாருக்கு உரியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் மேலங்கி அணிந்து நிற்கிறார்கள். அவ்வங்கிக்குப் புலவர் இட்ட பெயர் 'மெய்ப்பை'. அதாவது உடம்பை உள்ளே போடுகிற பை. முதன்முதலாகச் சட்டையைக் கண்ட ஒருவரின் வியப்பு அந்தச் சொல்லிலேயே தெரிகிறது அன்றோ? சிலப்பதிகாரத்தில் அரசனின் தூதர்களுக்குக் கஞ்சுகம் உண்டு. துணி தைப்பவராகிய துன்னகாரர் புகார் நகரத்துத் தொழிலாளரிடையே இடம் பெறுகிறார். ஆகவே தைத்த ஆடை வேற்று நாட்டானுக்கும் அரசுப் பணியாளனுக்கும் உரிய அடையாளமாய் இருந்தது. மற்றவர்க்கு வேட்டியும் புடவையும் போதும். அவற்றுக்கு அளவு வேண்டுவதில்லை. ஒரே வேட்டியைப் பருத்தவரும் உடுத்தலாம், மெலிந்தவரும் உடுத்தலாம். இக்காலத்து வணிகர் 'எல்லா அளவினருக்கும் ஒன்று' என்று பெருமையாகச் சொல்வதை நம் நெசவாளர் சொல்லாமலே செய்திருக்கிறார்.

எலவனாசூர்க்கோட்டைக்கு வருவோம். இவ்வூர்ச் சிவன் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஊரின் பெயர் இறையானரையூர் என்று காணப்படும். இது நடுநாடு, ஒருபுறம் தொண்டை நாடும் ஒருபுறம் சோழ நாடும் சூழ, மேற்கே மலைகள் எல்லையாக உள்ள நாடு. கல்வெட்டுகளில் வரும் 'தறியிறை' என்னும் சொல்லை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தறிக்கு வரி என்பது அதன் பொருள். அரசர் வரி போடும் அளவுக்குத் தறிகள் இருந்தன என்பதற்கு அச்சொல்லே சான்று. 1429-ஆம் ஆண்டில் விருத்தாசலம், கொறுக்கை முதலிய இடங்களில் வலங்கையாரும் இடங்கையாரும் தம் பகையை மறந்து ஒன்றுகூடி, அதிகாரிகளின் வரிக்கொடுமைக்கு இணங்குவதில்லை என்று முடிவு செய்து கல்லில் வெட்டி வைத்தார்கள். இவ்வளவுதான் தருவோம் என்று அவர்கள் வரையறுத்த இறைகளில் தறிக்கு உரியதும் ஒன்று.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுநாட்டிலும் அதை அடுத்த மகதை மண்டலத்திலும் கைக்கோளர் ஒரு சிறப்புரிமை கேட்டுப் பெற்றனர். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் தண்டு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை! தண்டு என்றால் பல்லக்கு. காஞ்சிபுரத்தில் கைக்கோளர்க்கு அவ்வுரிமை உண்டு. எங்களுக்கு ஏன் இல்லை என்பது அவர்களது வாதம். துணியால் பொருள் வந்தது. பொருள் வந்தபின் மதிப்பைக் கேட்டார்கள். மதிப்பைப் பல்லக்காகக் கேட்டார்கள் என்பதுதான் அக்காலத்து வழக்கு. அந்நாளில் நல்ல துணி என்றால் எந்த ஊர்த் தறி என்றே கேட்பார்கள். நெய்தவருடைய ஊரும் குலமுமே துணியின் முத்திரை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இப்பகுதியில் மோதிக்கொண்டனர். அருகிலுள்ள தியாகதுருகம் கோட்டை பலமுறை கைமாறி, 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்தப் போர்களைப் பள்ளிப் பாடமாக நீங்கள் படித்திருப்பீர்கள். அவை எதற்காக நடந்தன என்ற கேள்விக்குத் துணியும் ஒரு விடையாகும். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்த ஐரோப்பியக் குழுமங்கள் உள்நாட்டு ஊர்களின் நெசவை நம்பியே வாணிபம் செய்தன. புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணிக்கு 'கினே' என்று பெயர். அது கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை வரை சென்றது. அங்கே மூர்கள் அதைப் பெற்றுக்கொண்டு வேலம்பிசின் கொடுத்தார்கள். நீலம் நன்றாக ஏறியிருக்கிறதா, மணம் சரியாக இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்களாம். பிற நாட்டுப் போலித் துணி அவர்களிடம் எளிதில் செல்லவில்லை. தென்னார்க்காட்டுக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த அவுரியின் மணத்தை ஒரு பாலைவனத்து மனிதர் அறிந்து வைத்திருந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்த அவுரிப் பயிரின் காலம் முடிந்துவிட்டது.

இனி மேலை நாட்டின் கதை. அங்கே குளிர் மிகுதி; உடம்பை ஒட்டித் தைத்த ஆடை இன்றியமையாதது. வசதி உள்ளவர் தையற்காரரிடம் அளவு கொடுப்பார். வசதி இல்லாதவர் வீட்டில் தைத்துக்கொள்வார், அல்லது பழந்துணி வாங்குவார். ஆயத்தமாகத் தைத்து வைத்த சட்டையை வாங்கியவர் கரையில் இரண்டு நாளே தங்கும் மாலுமியும், பண்ணையில் வேலை செய்த அடிமைகளுக்கு மொத்தமாக ஆடை வாங்கிய முதலாளியும்தாம். ஆகவே அதை அணிவது ஓர் இழிவாகவே கருதப்பட்டது.

இந்த நிலையை மாற்றியவற்றுள் தையல் இயந்திரம் ஒன்று. 1846-இல் எலியாஸ் ஹோவும் 1851-இல் ஐசக் சிங்கரும் அதற்கு உரிமம் பெற்றார்கள். இயந்திரங்களைக் கடிந்து பேசிய காந்தியடிகள்கூட இந்த ஒன்றுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைப் பொறாத கணவனின் அன்பில் பிறந்தது சிங்கர் இயந்திரம் என்பது அவர் கருத்து. இன்னொன்று போர். பதினாயிரக்கணக்கான வீரர்களுக்கு ஒரே காலத்தில் சீருடை வேண்டும் என்றால் ஒவ்வொருவரையும் அளந்துகொண்டிருக்க முடியுமா? சில அளவுகளை வகுத்து, அவற்றுக்குத் தைத்தே தீரவேண்டும்.

நியூயார்க்கில் 1818-இல் தோன்றிய புரூக்ஸ் சகோதரர் கடை இவ்விரண்டுக்கும் நல்ல எடுத்துக்காட்டு. 1849-லேயே அவர்கள் ஆயத்த ஆடையைக் கனவான்களுக்கு விற்கத் தொடங்கினார்கள் என்பர். ஆபிரகாம் லிங்கன் 1865-இல் சுடப்பட்ட இரவில் அணிந்திருந்த அங்கி அவர்கள் கடையில் செய்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்னர், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், இதே கடையார் நியூயார்க் தொண்டர் படைக்கு அனுப்பிய சீருடைகள் மழையில் பிரிந்து போயின. கந்தலை அரைத்து ஒட்டிச் செய்த மட்டத் துணி அது. பெரும் பழி எழுந்தது. பலவற்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வையுங்கள். இதே கடைக்குத் துணியினால் இன்னொரு சோதனை நம் சென்னைப் பெயரோடு வரப்போகிறது.

பாரிஸ் நகரில் 1858-இல் சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர் ஆடை நிலையம் ஒன்று தொடங்கினார். அதுவரையில் சீமாட்டி சொன்னதைத் தையற்காரர் தைத்தார். வொர்த் தாமே வடிவங்களைப் படைத்து, பெண்களுக்கு அணிவித்து நடக்கச் செய்து காட்டினார். சீமாட்டிகள் அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டனர். ஓவியன் கையொப்பம் இடுவதுபோல் ஆடையின் உட்புறத்தில் தம் பெயர்ச்சீட்டைத் தைத்தார். ஆடையில் பெயர் ஏறிய வரலாற்றில் இது ஒரு திருப்பம். ஏறிய பெயர் நெய்தவருடையது அன்று, வடிவம் சொன்னவருடையது.

ஆயினும் இவை அனைத்தும் அளவு கொடுத்துத் தைத்தவையே. 1939-லும் 1940-லும் அமெரிக்க அரசு ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள்! அங்கிருந்துதான் ஆடை அளவுகள் கணக்காக வகுக்கப்படலாயின. 1966 செப்டம்பரில் ஈவ் சான் லோரான் பாரிஸின் இடது கரையில் ஆயத்த ஆடைக்கென்றே தம் பெயரில் ஒரு கடை திறந்தார். பேரரசிகளுக்குத் தைப்பவரின் ஆடையை இனிக் கல்லூரி மாணவியும் கொக்கியிலிருந்து எடுத்து அணியலாம் என்னும் எண்ணம் அப்போது பரவிற்று. விலை மாணவிக்கு எட்டியதா என்பது வேறு செய்தி.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக நடந்ததுதான் நான் சொல்ல வந்த நிகழ்ச்சி. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கத் துணி வணிகர் பம்பாய்க்கு வந்து, கைத்தறித் துணி ஏற்றுமதி செய்துவந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரைச் சந்தித்தார். நாயர் கண்ணூரில் பிறந்தவர், இராணுவத்தில் பணியாற்றியவர். அவர் காட்டியது சென்னைக் கட்டம் போட்ட துணி. மஞ்சள், அவுரி முதலிய இயற்கைச் சாயங்களில் தோய்த்த நூல். நல்லெண்ணெயும் சாயமும் கலந்த ஒரு மணம். முதலில் தென்னாப்பிரிக்காவுக்கு என்று நெய்யப்பட்டதாம். கெஜம் ஒரு டாலர் என்று பேசி முடித்தார்கள். குளிர்ந்த நீரில், வேறு துணியோடு சேர்க்காமல், மெல்ல அலச வேண்டும்; இல்லையேல் சாயம் ஒழுகும் என்று நாயர் எச்சரித்தார்.

பதினாயிரம் கெஜம் புரூக்ஸ் சகோதரர் கடைக்குப் போயிற்று. அவர்கள் அதில் மேலங்கிகளும் சட்டைகளும் தைத்து விற்றார்கள். எச்சரிக்கை மட்டும் நடுவழியில் எங்கோ தங்கிவிட்டது! வாங்கியவர்கள் தம் வழக்கப்படி வெந்நீரும் சவர்க்காரமும் இட்டு இயந்திரத்தில் சுழற்றினார்கள். சிவப்பு மஞ்சளில் இறங்கியது; நீலம் எல்லாவற்றிலும் இறங்கியது; உடன் கிடந்த வெள்ளைச் சட்டைகளும் வண்ணம் பெற்றன. கடைக்கு முறையீடுகள் குவிந்தன. ஜேக்கப்சன் நாயர்மீது வழக்குத் தொடுப்பேன் என்று கிளம்பினார்.

வழக்கு நடக்கவில்லை. வழக்கறிஞர்களை நியமிப்பதை விட்டு, 'செவன்டீன்' என்னும் இளம்பெண்களுக்குரிய ஏட்டின் ஆசிரியரிடம் நாயரை அழைத்துச் சென்றார்கள். சென்னையிலிருந்து வரும் இந்த அரிய கைத்தறித் துணி ஒவ்வொரு சலவையிலும் புதுப்புது வண்ணம் கொள்ளும் என்று அவ்வேடு பல பக்கங்களில் எழுதிற்று. சாயம் போகும் என்று உறுதி கூறுகிறோம் என்பதே விளம்பர வாசகமாயிற்று. அதை இயற்றியவர் டேவிட் ஓகில்வி என்று சொல்வதுண்டு. குறையை மறைக்காமல் குறையையே கொடியாக உயர்த்திவிட்டார்கள்! சாயம் போகாத துணியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யாரேனும் கேட்டார்களா என்று அறிய எனக்கு ஆவல்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடையே 'மெட்ராஸ்' என்பது ஊரின் பெயர் அன்று, சட்டையின் பெயர். கல்லூரி இளைஞர்கள் புதுச் சட்டையைப் பலமுறை துவைத்துப் பழையதாக்கி அணிவதில் பெருமை கொண்டார்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொன்னதை அவர்கள் வேறு பொருளில் கடைப்பிடித்தார்கள் எனலாம்.

அந்தச் செழிப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஆலைகள் கட்டத் துணியை விரைவில் நெய்தன. சாயம் போவதுபோலவே போலி செய்தன. பத்தாண்டு முடிவதற்குள் இளைஞர் வேறு ஆடைக்கு மாறினர். நியூயார்க்கில் ஒரு பருவம் மாறுவது கடைக்காரருக்குச் சாளரத்துப் பொம்மையின் ஆடையை மாற்றும் வேலை. கெஜக் கணக்கில் நெய்தவருக்கோ அது பாவு அறுந்தது போன்றது. கேப்டன் நாயர் வளர்ந்தார், பின்னாளில் மனைவியின் பெயரால் லீலா என்னும் பெரும் விடுதிகளைக் கட்டினார், 2014-இல் மறைந்தார். அவரை நான் குறை கூறவில்லை. துணியை உலகுக்கு எடுத்துச் சென்றவர் அவர். ஆனால் இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் வணிகர் பெயர் வருகிறது, கடையின் பெயர் வருகிறது, ஏட்டின் பெயரும் வருகிறது. அந்தப் பதினாயிரம் கெஜத்தில் ஒரு கெஜத்தையேனும் நெய்த ஒருவரின் பெயர் எனக்கு எந்த நூலிலும் கிடைத்ததில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் பல்லக்குக் கேட்டவர்களின் வழியினர் இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெயர்ச்சீட்டில்கூட இடம் பெறவில்லை.

இதன் பிறகு இந்தியத் துணி மேலைநாட்டுப் பெருங்கடைகளில் விழாவாகவே காட்டப்பட்டது. 1978-இல் நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடை 'இந்தியா' என்ற பெயரில் பெரியதொரு விற்பனை விழா நடத்திற்று. யானையும் அரண்மனையும் கலந்த ஒரு கனவு நாடாக நம் நாட்டைக் கடைத் தளங்களில் சமைத்துக் காட்டினார்கள். நம் நாட்டிலும் காலம் மாறிற்று. 1986-இல் புதுதில்லியில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 1987-இல் தருண் தஹிலியானி பம்பாயில் 'ஆன்சாம்பிள்' என்னும் கடையைத் திறந்தார். வடிவமைப்பாளர் பலரின் ஆடைகளை ஒரு கூரையின்கீழ் விற்ற முதற்கடை அதுவே என்பர். 2000-இல் தில்லியில் முதல் இந்திய ஆடை வாரம் நடந்தது. சென்னைக்கும் அவ்வழக்கம் வந்து சேர்ந்தது. நான் போன கூடம் அப்படிப்பட்டது.

அங்கே குளிர் மிகுதி. சந்தன மணம். ஆடைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கயிற்றில் ஐம்பது சட்டை தொங்கும் இடத்தில் அங்கே ஐந்து. விலை உயர உயர இடைவெளியும் பெரிதாகும் போலும். ஒரு மூலையில் கட்டம் போட்ட கைத்தறி மேலங்கி ஒன்று என்னை நிறுத்திவிட்டது. அவுரி நீலமும் மஞ்சளும். விலைச்சீட்டைத் திருப்பினேன்: 38,000 ரூபாய்.

"போட்டுப் பாருங்கள் சார்" என்றாள் அங்கிருந்த பெண். போட்டுக்கொண்டேன். தோள் சரியாக இருந்தது. கை இரண்டு விரற்கடை நீளம். வளர்கிற பிள்ளைக்கு வைத்த தாராளம் என் நினைவுக்கு வந்தது. எனக்கோ வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

"யார் நெய்தது அம்மா?" என்று கேட்டேன். அவள் வடிவமைப்பாளரின் பெயரைச் சொன்னாள். "அது தெரிகிறது, நெய்தவர்?" என்றேன். முகம் சற்று வாடிவிட்டது. "கைத்தறிதான் சார், முத்திரை இருக்கிறது பாருங்கள்" என்று உட்புறத்தைக் காட்டினாள். உண்மைதான், கைத்தறி முத்திரை இருந்தது. 2006-இல் மைய அரசு ஏற்படுத்திய முத்திரை அது. நெய்தது தறியா, கையா, இயந்திரமா என்பதை அது சொல்லும்; யார் கை என்பதைச் சொல்லாது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தபின் காஞ்சிபுரப் பட்டு முதலியவை ஊர்ப் பெயருக்குக் காப்புப் பெற்றிருக்கின்றன. அது நல்ல தொடக்கம். ஊர் பெற்ற உரிமையை ஆளும் ஒருநாள் பெறலாம். சில கூட்டுறவுச் சங்கங்கள் புடவையோடு நெய்தவர் படத்தையும் பெயரையும் வைத்து அனுப்பத் தொடங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கையின் நீளத்தைக் குறைத்துத் தருவார்கள் என்று அப்பெண் சொல்லி, ஒரு திரையை விலக்கினாள். திரைக்குப் பின்னே ஒரு தையல் இயந்திரம். அதன்முன் கழுத்தில் நாடாவுடன் ஒரு மனிதர். அந்தக் கூடம் முழுவதிலும் எனக்கு அறிமுகமான முகம் அது ஒன்றுதான் என்று தோன்றிற்று. ஊர் எது என்று வினவினேன். திருவண்ணாமலைப் பக்கம் என்றார். ஆயத்த ஆடை என்றுதான் பெயர். நாள் முழுவதும் இருபது முப்பது ஆடைகளைப் பிரித்துப் பிடித்துத் தைப்பதாகச் சொல்லிச் சிரித்தார். மனித உடம்பு எந்த அட்டவணைக்கும் முழுதாக அடங்குவதில்லை. இந்தியருக்கென்று அளவுகள் வகுப்பதற்காக, ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டம் ஒன்றைத் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. அதன் பின்னும் திரைக்குப் பின்னால் ஒருவர் இருக்கவே செய்வார் என்பது என் எண்ணம்.

மேலங்கியை நான் வாங்கவில்லை. என் தங்கை மகளுக்குச் சிறிது வருத்தம். மறுநாள் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குச் சென்றேன். 1935-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. அதேபோன்ற நீலமும் மஞ்சளுமான கட்டத் துணி இரண்டரை மீட்டர் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

எங்களுக்குத் தைத்த தையற்காரர் இப்போது இல்லை. அவருடைய மகன் அதே இடத்தில் இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாலையோரக் கடைகளில் வாங்கிய சட்டைகளின் தோளைப் பிடிப்பதும் காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பதுமே அவருக்கு இப்போது வேலை. நான் துணியை நீட்டியதும் இருகையாலும் வாங்கி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் நிமிண்டினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார்.

"கைத்தறி. முதலில் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும் அண்ணே. சாயம் கொஞ்சம் இறங்கும்" என்றார்.

"இறங்கட்டும்" என்றேன்.

நாடாவை எடுத்து என் தோளை அளந்து, பழைய நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பழைய நினைவில், "தீபாவளிக்குள் கிடைத்துவிடுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நோட்டின் அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். என் அளவு ஒன்றுதான் அதில் இருந்தது.

"நாளைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே" என்றார்.